ஒரு ஹால், நாற்பது பேர், ஒரே பந்து

மூன்றாவது ஜன்னல் கண்ணாடியும் உடைந்த சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை ஹாலுக்குள் வந்தபோது, பி.டி. மாஸ்டர் பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயது மனிதர் செய்யக்கூடிய காரியமில்லைதான். வேறு வழி தெரியவில்லை.

"கையைக் காட்டுங்க மாஸ்டர்."

காட்டினார்.

"மைதானத்துல கட்டட வேலை முடிய ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்த ஹால்தான். இன்னும் ஒன்பது கண்ணாடிதான் மிச்சம் இருக்கு. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். ஏழாம் வகுப்பு நாற்பது பேரும் சேர்ந்து, சத்தம் போடாம, எதையும் உடைக்காம விளையாடணும். இல்லேன்னா கடைசிப் பீரியடைக் கணக்கு டீச்சருக்குக் கொடுத்துடுவேன்."

கணக்கு டீச்சர் அவருக்குப் பின்னாலேயே சாக்பீஸ் டப்பாவோடு நின்றார். மனசுக்குள் பாதிப் பாடத்தை நடத்தி முடித்திருப்பார் போலிருந்தது. நாற்பது முகமும் ஒரே நேரத்தில் வாடிப் போயின.

மாஸ்டர் அசரவில்லை. நேராக நூலகத்துக்குப் போய், விளையாட்டுகள் எப்படிப் பிறந்தன என்று சிறுவர்களுக்காக எழுதிய படப்புத்தகம் ஒன்றை எடுத்தார். எட்டாம் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குளிர்காலத்தில் வெளியே போக முடியாமல் உள்ளே அடைந்து கிடந்த மாணவர்களுக்காக, ஒரு பி.டி. ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை மேல்தளக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினாராம். பதின்மூன்று விதிகள் எழுதினாராம். கூடைப்பந்து பிறந்துவிட்டது! கூடை கொடுத்தவர் அங்கே வேலை பார்த்த பராமரிப்பு ஊழியர். அடுத்த பக்கத்தில் இன்னொரு பி.டி. ஆசிரியர், ஆடுகிறவர்கள் முட்டி மோதிக்கொள்ள வேண்டாமே என்று நடுவில் வலையைக் கட்டியிருந்தார். அது வாலிபால். சாப்பாட்டு மேசையில் புத்தகங்களை வலையாக அடுக்கிப் பந்தைத் தட்டியதில் டேபிள் டென்னிஸ் வந்ததாம். முதலில் தட்டியது யாரென்று புத்தகத்துக்கே சரியாகத் தெரியவில்லை.

"அவரும் பி.டி., நானும் பி.டி.!" என்று மாஸ்டர் வாய்விட்டே சொன்னார். நூலகர் உதட்டில் விரலை வைத்தார்.

மறுநாள் காலையில் வீட்டில் மனைவி கேட்டாள்: "அழுக்குத்துணிக் கூடை எங்கே?"

"அது சரித்திரத்துல இடம் பிடிக்கப் போகுது."

"பிடிக்கட்டும். உங்க பனியனெல்லாம் எங்கே இடம் பிடிக்கும்?"

அவர் கூடையோடு கிளம்பிவிட்டார். பள்ளியில் அட்டெண்டர் இன்னொரு கூடை தேடித் தந்தார். காகிதக் குப்பைக் கூடை. கேட்டதும் கிடைத்ததில் மாஸ்டருக்கு உடம்பு சிலிர்த்தது. புத்தகத்தில் இருந்தபடியே நடக்கிறதே!

ஜன்னல் பக்கச் சுவரில் ஒரு கூடை, கதவுப் பக்கச் சுவரில் ஒரு கூடை. இருபது இருபது பேராக இரண்டு அணி. கண்ணாடி உடையக்கூடாதே என்று தன் பழைய சாக்ஸைச் சுருட்டிப் பந்தாக்கியிருந்தார். பதின்மூன்று விதிகளையும் வாசித்துவிட்டு விசில் ஊதினார்.

ஒரு சாக்ஸ் மேல் நாற்பது பேர் விழுந்தார்கள். அடியில் யாரோ "என் மூக்கு!" என்று அலறினார்கள்.

"நிறுத்துங்க! விதி பதினாலு. எல்லாரும் உட்கார்ந்துதான் ஆடணும்."

உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தபடி எறிந்ததில் சாக்ஸ் மின்விசிறியில் போய் மாட்டிக்கொண்டு சுற்றியது.

"விதி பதினஞ்சு. எறியக் கூடாது. கைக்குக் கை கொடுக்கணும்."

கொடுத்தார்கள். ஆனால் கொடுக்கும்போதெல்லாம் கத்தினார்கள். விதி பதினாறு, யாரும் வாய் திறக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் கையைத் தூக்கலாம், மாஸ்டரே பக்கத்தில் வந்து தீர்த்துவைப்பார்.

இதைச் சொன்னதும் ஹால் அமைதியாகிவிட்டது. வாயாடி என்று ஊரறிந்த இரட்டைப் பின்னல்காரி மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு எதையோ யோசித்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். அது காதுக்குக் காது போய் ஹாலையே சுற்றி வந்தது.

புதன்கிழமை விசில் ஊதியதும் ஜன்னல் ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது. மாஸ்டர் போனார்.

"சார், சாக்ஸை இடது கையால கொடுக்கலாமா சார்?"

"கொடுக்கலாம்டா."

திரும்புவதற்குள் கதவோரத்தில் ஒரு கை. ஓடினார்.

"சார், இடது கைக்காரங்க வலது கையால கொடுக்கலாமா?"

அதைத் தீர்ப்பதற்குள் மறுபடி ஜன்னல் ஓரம். மறுபடி கதவோரம். ஒரு பக்கம் அவர் போய்ச் சேர்ந்தால் அந்தப் பக்கத்து முகங்களில் அப்படியொரு பூரிப்பு. எதிர்ப்பக்கத்தில் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். விதிகளின் மேல் இத்தனை அக்கறையா என்று மாஸ்டர் நெகிழ்ந்துபோனார். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு புது விதி எழுதினார். விதியிலிருந்து சந்தேகம், சந்தேகத்திலிருந்து விதி. முப்பத்தொன்றைத் தாண்டிவிட்டது.

அட்டெண்டர் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னய்யா எழுதறே?"

"நாற்காலிக் கணக்கு சார்."

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மாஸ்டரால் முழங்காலை மடக்க முடியவில்லை.

"காலுக்கு என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"பசங்களுக்குச் சந்தேகம்."

அவள் தைலத்தை எடுத்து வந்தாள்.

வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட். தலைமையாசிரியை ஹால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் கணக்கு டீச்சர், கையில் புது சாக்பீஸ் டப்பா. மாஸ்டர் நாற்பத்தேழு விதிகள் எழுதிய நோட்டைப் பிரித்தார், விசிலை வாயில் வைத்தார், பைக்குள் கைவிட்டார்.

சாக்ஸ் இல்லை.

நாற்றம் தாங்காமல் மனைவி காலையில் அதைத் துவைத்துக் கொடியில் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமாக மழையிலும் வெயிலிலும் காப்பாற்றிய பீரியட், ஒரு சாக்ஸால் போகப்போகிறது. பயத்தில் விசில் தானாகவே ஊதிவிட்டது.

ஜன்னல் ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது.

போனார். கதவோரத்தில் இரண்டு கை. ஓடினார். நடுவழியில் ஜன்னல் பக்கம் ஐந்து கை, திரும்பினார். சந்தேகத்தைக் கேட்டுவிட்டுப் பந்தைக் கேட்பார்களோ என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே குனிந்தார். யாரும் கேட்கவில்லை. நாற்பது பேரும் மூச்சுவிடாமல், கண் இமைக்காமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கண்ணாடிகூட அதிரவில்லை. மணி அடித்தது. கதவுப் பக்க அணி எழுந்து சத்தமில்லாமல் குதித்தது. ஜன்னல் பக்க அணி வந்து கைகுலுக்கியது.

தலைமையாசிரியை எழுந்தார்.

"மாஸ்டர், இந்த மாதிரி ஒழுங்கை நான் பார்த்ததே இல்ல. பீரியட் உங்களுக்கேதான்."

"என் கிளாஸ்ல வருஷத்துக்கு ஒருத்தர்கூடச் சந்தேகம் கேட்டதில்ல," என்றார் கணக்கு டீச்சர்.

எல்லாரும் போன பிறகு மாஸ்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஜெயித்தாகிவிட்டது. ஆனால் எப்படி என்றுதான் விளங்கவில்லை.

"பந்தை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்யா. பந்தே இல்லாம எப்படி ஆடினாங்க?"

அட்டெண்டர் கதவைத் திருப்பிக் காட்டினார். ஜன்னல் பக்கம் பதினொன்று, கதவுப் பக்கம் பன்னிரண்டு என்று சாக்பீஸ் கோடுகள் வரிசையாக இருந்தன.

"கையால தொடக்கூடாது, கத்தக்கூடாது, சந்தேகம் கேட்டுத்தான் அவங்கவங்க பக்கம் இழுக்கணும். புதன்கிழமையிலேர்ந்து பந்து நீங்கதானே சார்!"