ஆடிப்பெருக்கு அன்னைக்கு எடுத்த படம்

போன ஆடிப்பெருக்கு அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ரத்தம் உறையறதை ஒரு நல்ல படம் எடுத்து பாஸ்கிட்ட கொடுக்கணும்.

நான் ஒரு ஆராய்ச்சி லேப்ல வேலை பாக்குறேன். விரல்ல வெட்டிக்கிட்டா ரத்தம் கொஞ்ச நேரத்துல நின்னுடுதுல்ல, அது சும்மா நிக்கறதில்லை. பிளேட்லெட்னு குட்டி அணுக்கள் ஓடி வந்து ஒட்டிக்கும். ஃபைப்ரின்னு ஒரு புரதம் நூல் நூலா வலை பின்னி அடைச்சிடும். அணுவுக்கு சிவப்பா மின்னுற சாயம், வலைக்கு பச்சையா மின்னுற சாயம் போட்டு, லேசர் மைக்ரோஸ்கோப்ல வச்சா ரெண்டும் தெரியும்.

மத்தவங்களுக்குத் தெரியும். எனக்கு மூணு வாரமா ஒண்ணும் தெரியலை. வந்த படமெல்லாம் மழைக்கு முன்னாடி இருக்கிற வானம் மாதிரி இருந்தது.

என் கான்ட்ராக்ட் அந்த மாசத்தோட முடியுது. அன்னைக்கு மூணு மணிக்கு பாஸ் ஒரு கமிட்டி முன்னாடி பேசணும். முந்தின நாளே என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சார்.

"படம் வந்துச்சுன்னா உன் கான்ட்ராக்ட் பத்திப் பேசறது ஈஸி லா, கலா."

"வரலைன்னா டாக்டர்?"

"வரும் லா."

சொல்லிட்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிட்டார். எதைச் சொன்னாலும் கடைசியில ஒரு 'லா' போடறது இந்த ஊர்ப் பழக்கம்.

மறுநாள் காலையில ஆடிப்பெருக்கு. புதுத் தாலிக்கயிறு மாத்தணும். தேக்கா கடைத்தெருவுல ரெடிமேடா, காய்ஞ்சு, பளிச்சுன்னு விக்கிறாங்க. நான் ஒண்ணு வாங்கியும் வச்சிருந்தேன். என் மாமியார் அதை ஓரமா தள்ளி வச்சுட்டாங்க.

"இது சாயம்மா. கழுத்துல சாயத்தைக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போவியா?"

நாள் பூரா சாயத்தோடதான் அத்தை வேலை பாக்குறேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லலை. கல்யாணமாகி ஏழு வருஷத்துல அந்த அளவுக்குப் புத்தி வந்திருக்கு.

வெள்ளைப் பருத்தி நூலை எடுத்துத் திரிச்சு, மஞ்சளைக் கெட்டியா உரசி, ரெண்டு தடவை முக்கியெடுத்து, சாமி முன்னாடி வச்சுக் கட்டிவிட்டாங்க. கயிறு காயவே இல்லை. வீட்டுப் பக்கத்து புக்கிட் பாத்தோக் ஸ்டேஷன்ல ரயில் ஏறினப்பவே பிளவுஸ் கழுத்து ஈரம்.

லேப்ல எனக்காகக் காத்திருந்தவன் பிரபா. திருநெல்வேலிக்காரன், வந்து ஒரு வருஷம் ஆகுது. அன்னைக்கு ரத்தம் கொடுக்கிறது அவன்தான். தலைவலி மாத்திரை போட்டவங்க ரத்தம் இந்த வேலைக்கு ஆகாது, பிளேட்லெட் சோம்பேறியாயிடும். எங்க பாஸ்கிட்ட வேலை பாத்துக்கிட்டு தலைவலி மாத்திரை போடாத ஒரே ஆள் பிரபா.

"அக்கா, ரெண்டு குழாய் ரத்தம் கொடுத்திருக்கேன். இந்தத் தடவையாவது படம் வரணும்."

"வரும் லா," அப்படின்னேன். பாஸ்கிட்ட கத்துக்கிட்டதுதான்.

பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் மைக்ரோஸ்கோப் எனக்கு. அந்த ரூமைப் பாத்துக்கிறவங்க ரொஹானா அக்கா. உள்ள யாராவது தண்ணி பாட்டில் கொண்டுபோனாலே வெளிய நிக்க வச்சு விசாரிப்பாங்க. கோட்டு, கையுறை எல்லாம் போட்டுக்கிட்டு நல்ல பிள்ளையா உள்ள போனேன், பின்னாடியே பிரபாவும்.

கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொண்ணா எடுத்து அடுக்கணும். அதுக்குக் குனியணும். குனிஞ்சா கயிறு கோட்டுக்கு வெளிய வந்து தொங்குது. உள்ள தள்ளினேன். மறுபடி குனிஞ்சேன், மறுபடி வந்தது. தள்ளினேன். கையுறை போட்ட அதே கையாலதான் தள்ளினேன்னு அப்ப எனக்குத் தோணவே இல்லை. மஞ்சள் கையில படறது எங்க வீட்டுல அழுக்குக் கணக்குல சேராது.

முதல் துண்டுல ரத்தம் விட்டு, உறைய வைக்கிற மருந்தைச் சேர்த்து, லேசரைப் போட்டேன்.

ஸ்கிரீன் பூரா பச்சை. சாதாரணப் பச்சை இல்லை. கயிறு கயிறா, முறுக்கு முறுக்கா, அவ்வளவு தடிமனா ஃபைப்ரினை நான் வாழ்க்கையில பாத்ததில்லை. பக்கத்துல சிவப்புப் புள்ளியா பிளேட்லெட்டெல்லாம் எறும்பு மாதிரி கிடக்குது.

"அக்கா, இது என் ரத்தமா?" பிரபா நாற்காலியை விட்டு எழுந்துட்டான்.

"உன் ரத்தம்தான்டா."

"எங்க குடும்பத்துலயே எல்லாருக்கும் ரத்தம் கெட்டிக்கா."

படத்தை பாஸுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்துல மனுஷன் லிஃப்டுக்குக் காத்திருக்காம மூணு மாடி இறங்கி ஓடி வந்துட்டார். ஸ்கிரீனைப் பாத்தார். கையுறையோட இருந்த என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அப்புறம் ரெண்டு கையாலயும் தன் தலையைப் பிடிச்சுக்கிட்டு ஸ்கிரீனையே பாத்தார்.

"இவ்வளவு பெருசு யாரும் காட்டினதில்லை லா. கமிட்டிக்கு இதுதான் முதல் ஸ்லைடு."

சந்தோஷத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மனசுக்குள்ள ரெண்டு வருஷ கான்ட்ராக்டுல கையெழுத்தே போட்டுட்டேன்.

கதவுகிட்ட போன பாஸ் திரும்பினார். "கன்ட்ரோல் பாத்துட்டே இல்ல?"

கன்ட்ரோல்னா உறைய வைக்கிற மருந்து சேர்க்காத ரத்தம். அதுல வலை இருக்கக்கூடாது. அதைப் பாத்தாத்தான் இது நிஜம்.

"இதோ பாத்துடறேன் டாக்டர்."

பாத்தேன். அதுலயும் கயிறு.

"மருந்து போடாமயே உறைஞ்சிருக்கு," அப்படின்னான் பிரபா. குரல்ல பெருமை குறையலை.

பாஸ் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தார். "ரத்தமே இல்லாம வை."

கண்ணாடித் துண்டுல சுத்தமான தண்ணியை மட்டும் ஒரு சொட்டு விட்டு வச்சேன்.

தண்ணியும் உறைஞ்சிருந்தது. முதல் படத்தைவிட நல்லாவே உறைஞ்சிருந்தது.

பிரபா மெதுவா, "அப்ப எங்க குடும்பத்துல ஒண்ணும் விசேஷம் இல்லையாக்கா?" அப்படின்னான்.

என்ன நடக்குதுன்னு பாக்க ரொஹானா அக்கா உள்ள வந்தாங்க. ஸ்கிரீனைப் பாக்கலை. என் கையுறையைப் பாத்தாங்க. விரலைப் பிடிச்சு வெளிச்சத்துல திருப்பினாங்க. அவங்களும் வீட்டுல தினம் குழம்பு வைக்கிறவங்க.

"கலா, இது குனிட்."

குனிட்னா மலாய்ல மஞ்சள்.

சொல்லிட்டு ரூம் விளக்கை அணைச்சாங்க. டிராயர்லேர்ந்து ஊதா டார்ச் ஒண்ணை எடுத்து என் மேல அடிச்சாங்க. என் கழுத்து பச்சையா மின்னுச்சு. கோட்டு மின்னுச்சு. மௌஸ், கீபோர்டு, மைக்ரோஸ்கோப் திருகு, கதவுக் கைப்பிடி, நான் போன இடமெல்லாம் மின்னுச்சு. கடைசியா டார்ச் பாஸ் பக்கம் திரும்புச்சு. தலையில கை வச்ச இடத்துல, நெத்தியோட ரெண்டு ஓரத்துலயும், அஞ்சஞ்சு விரல்.

மஞ்சள் இந்த வெளிச்சத்துல பச்சையா மின்னும்னு நான் காலேஜ்ல பரீட்சையே எழுதியிருக்கேன். பாஸ் ஆகியிருக்கேன். அந்தக் கயிறு கயிறான ஃபைப்ரின், என் தாலிக்கயிறு உதிர்த்த பஞ்சு.

ஒரு நப்பாசையில வீட்டுக்கு ஃபோன் போட்டேன். "அத்தை, கயிறுல மஞ்சள் மட்டும்தானா, வேற ஏதாவது கலந்தீங்களா?"

"விரலி மஞ்சள்மா. என் கையால உரசினது. கலப்படம்னு பேச்சுக்கே இடமில்லை."

"தெரியுது அத்தை. மெஷின்லயே தெரியுது."

"அப்ப அது நல்ல மெஷின்," அப்படின்னு வச்சுட்டாங்க.

மணி பதினொண்ணே முக்கால். பிரபாவோட ரெண்டாவது குழாய் மிச்சம் இருந்தது. ரத்தம் எடுத்து சில மணி நேரத்துக்குள்ள பாத்தாகணும், அப்புறம் அது உதவாது. ரொஹானா அக்கா ஸ்பிரிட்டும் துணியும் கொண்டுவந்து கையில கொடுத்தாங்க. நானும் பாஸும் துடைச்சோம். பாஸ் நெத்தியை நான் துடைக்கலை, அவரே துடைச்சுக்கிட்டார்.

"அக்கா, அதைக் கொஞ்ச நேரம் கழட்டி டிராயர்ல வச்சுடுங்களேன்," அப்படின்னான் பிரபா.

"இன்னைக்குக் காலையில கட்டினதை இன்னைக்கே கழட்டவா? நம்பர் தரேன், எங்க மாமியார்கிட்ட நீயே சொல்லு."

அவன் போய்க் கண்ணாடித் துண்டு எண்ண ஆரம்பிச்சுட்டான்.

கடைசியில சாப்பாடு சுத்துற பிளாஸ்டிக் தாளை பேன்ட்ரியிலேர்ந்து கொண்டுவந்து, ரொஹானா அக்காவே என் கழுத்தைச் சுத்தி ஏழு சுத்து சுத்திவிட்டாங்க. அதுக்கு மேல புதுக் கோட்டு, கழுத்து வரைக்கும் பட்டன், கையில புதுக் கையுறை. குனிய முடியலை, திரும்ப முடியலை, எச்சில் முழுங்கறதே கஷ்டம். பாத்திரத்துல மூடி வச்ச மிச்சக் குழம்பு மாதிரி நிமிர்ந்து உக்காந்துக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சேன்.

முதல்ல தண்ணி. கறுப்பு. ஒண்ணுமில்லாத கறுப்பைப் பாத்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அடுத்து கன்ட்ரோல். வலை இல்லை. கடைசியா மருந்து சேர்த்த ரத்தம். மெலிசா, சிலந்தி நூலைவிட மெலிசா ஒரு பச்சை வலை. முடிச்சு முடிச்சா சிவப்பு பிளேட்லெட். மூணு வாரமா நான் தேடின படம்.

ஒரு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினேன். பாஸ் பாத்துட்டு ஒரே வார்த்தை அனுப்பினார். "சின்னது." மூணு மணிக்கு கமிட்டிக்குக் காட்டினார். நல்லா இருக்குன்னாங்களாம். வேற யாரும் எதுவும் கேக்கலையாம்.

ஒரு வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. அப்புறம் லெட்டர் வந்தது. இன்னும் ரெண்டு வருஷம். டாய்லெட்டுக்குள்ள போய் நின்னு அழுதுட்டு, முகம் கழுவிக்கிட்டு வந்து மிச்சத்தைப் படிச்சேன்.

கடைசிப் பக்கத்துல கூடுதல் பொறுப்புன்னு ஒரு வரி. லேப்ல புதுசா சேர்றவங்களுக்கு சுத்தம் பத்தி நான்தான் பாடம் எடுக்கணும். ஸ்லைடை பாஸே தயார் பண்ணி அனுப்பியிருந்தார். மூணு வாரம் ராப்பகலா உழைச்சு நான் எடுத்த நல்ல படம் அதுல இல்லை.

உறைஞ்ச தண்ணி இருந்தது, கீழ என் முழுப் பேரோட.