மாமன் மீட்டு வந்த பச்சைச் சைக்கிள்

அழகும் அறிவும் தாய்மாமன் வழியில் வாய்க்கப்பெற்ற மருமகள் சிட்டுவுக்கு,

நான் சுகம். உன் சைக்கிளும் சுகம். இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுத நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன், உட்கார்ந்து படி.

நர்சு பயிற்சி முடித்து வருகிறவளுக்குத் திங்கட்கிழமை விடியுமுன் ஆஸ்பத்திரியில் முதல் நாள் வேலை, அந்நேரத்தில் பஸ் கிடையாது, சைக்கிளை விட்டால் வேறு கதியில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? அதனால்தான் நேற்று ரயில் நிலைய ஸ்டாண்டில் யானை கட்டும் சங்கிலி போட்டுப் பூட்டினேன். திரும்பி வந்தால் சங்கிலி இருக்கிறது, பூட்டு இருக்கிறது, அதற்குள் ஒரு சைக்கிளும் இருக்கிறது. ஆனால் அது உன்னுடையது இல்லை. பக்கத்தில் ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் கொதித்துக்கொண்டு நின்றார்.

"யோவ், நீதானா அது? உன் வண்டிய அம்போன்னு விட்டுட்டு என் வண்டியப் பூட்டிட்டுப் போயிருக்க!"

"அதனாலதானே அண்ணே உங்க வண்டி திருடு போகல? நன்றி சொல்லுங்க."

என் சாதுரியத்தில் மயங்கி, "ஏறித்தொலை, தேடுவோம்" என்றார். நான் பின்சீட்டில் அமர்ந்து படைத்தளபதிபோல் வழிகாட்ட, சந்தைக்குப் பின்னால் ஒரு டீக்கடை வாசலில் பச்சைச் சைக்கிள்! அருகில் திருடன். வாசலில் குனிந்து நுழைகிற உயரம், கை ஒவ்வொன்றும் உலக்கை. "இது என் வண்டிங்க" என்றான். திருடன் வேறென்ன சொல்வான்? நான் போட்ட கர்ஜனையில் கடைக் கண்ணாடி டம்ளரெல்லாம் ஆடின, அவன் அப்படியே ஒதுங்கிவிட்டான். (அவன் டீக்குக் காசு கொடுக்கும்போது நான் ஏறி ஓடிவந்துவிட்டதாக ரொட்டிக்கடைக்காரர் சொல்லிக்கொண்டு திரிகிறார். பொறாமை.) திருடன் நல்ல உழைப்பாளி; புது மணி மாட்டி, கீறலையெல்லாம் மறைத்து வைத்திருக்கிறான்.

பங்க்சர் அறியாத சக்கரமாய் உன் வாழ்க்கை உருள ஆசீர்வதிக்கும்,
உன் மாமன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கதவு தட்டப்பட்டது. ஸ்டாண்ட்காரர் உன் சைக்கிளோடு நிற்கிறார். பூட்டாமல் கிடந்ததென்று தன் அறைக்குள் எடுத்து வைத்திருந்தாராம். "திருடன்கிட்டேருந்து இல்ல சார், உங்ககிட்டேருந்துதான் வண்டியக் காப்பாத்தணும்" என்கிறார். அவர் பின்னால் ரொட்டிக்கடைக்காரர். அவருக்கும் பின்னால் 'திருடர்'. பாட்டு வாத்தியாராம், என் தோளுக்குத்தான் வருகிறார். தன் வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, உன் வேலை விஷயம் கேட்டதும் கோபத்தை மறந்து உன் சக்கரத்துக்குக் காற்றடித்துக் கொடுத்தார். இப்போது மூவரும் கூடிப் பேசி, நீ வரும்வரை உன் சைக்கிளை ரொட்டிக்கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவி என்னிடம் இல்லை. ஆகவே நிம்மதியாக வா.