சந்தேகம் அண்ணாச்சியும் ஆழ்வார்குறிச்சி போர்டும்

திருநெல்வேலி ஜில்லாவில் சொன்ன சொல்லை அப்படியே நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் சந்தேகம் அண்ணாச்சிதான். ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று சொன்னால், "நீரு போய்ப் பாத்தீரா?" என்பார். பார்த்தேன் என்றால், "எந்தப் படித்துறையில நின்னு பாத்தீரு?" என்பார். தன் கல்யாணத்தில் தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு, "முகூர்த்த நேரத்த எந்தக் கடியாரத்துல பாத்திய?" என்று ஐயரைக் கேட்டவர் அவர். ஐயர் தன் வாட்ச்சைக் காட்டினார். மாமனார் தன் வாட்ச்சைக் காட்டினார். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்து தொலைத்தது. நாதஸ்வரக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணாச்சியின் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பேட்டைத் தொழிற்பேட்டையில் கிணற்று மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை வரைந்த இன்ஜினியர் அவர். அதை வயலில் கொண்டுபோய் மாட்டுவதும், ஓடாவிட்டால் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்புவதும் என் வேலை. இரண்டாவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

புதிதாக ஒரு மீட்டர் வாங்கினால், அது சரியா என்று பழைய மீட்டரை வைத்துப் பார்ப்பார். பழையது சரியா என்று பக்கத்துப் பட்டறை மீட்டரை இரவல் வாங்கிப் பார்ப்பார். மூன்றும் ஒரே எண்ணைக் காட்டினாலும் முகம் தெளியாது.

"மூணும் சேந்து பொய் சொல்லுதோ என்னமோ வே."

இப்படிப்பட்டவர் வரைந்த புது போர்டின் முதல் பெட்டியை ஆழ்வார்குறிச்சியில் பேச்சியம்மா அக்கா வயலில் மாட்டினோம். பிசான நெல் சாகுபடிக்கு அப்போதுதான் நாற்று பாவியிருந்தார். அக்காவுக்கு இருந்ததெல்லாம் அந்த வயலும் அந்தக் கிணறும்தான். மாட்டிய மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

"தம்பி, பெட்டி முழிச்சிக்கிட்டு இருக்கு. மோட்டார் எடுக்கல."

நான் மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். மெயினை அணைத்து மறுபடி போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் சரி. ஆனால் மோட்டாரை ஓட்டிக் காட்ட முடியாது. அந்தப் பக்கம் அப்போது வயலுக்கு மும்முனை மின்சாரம் காலையில் மட்டும்தான். மற்ற நேரம் வருகிற கரண்டில் விளக்குதான் எரியும். "இனிமே ஓடும்க்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மறுநாள் காலை மறுபடியும் போன். மத்தியானம் மறுபடியும் பச்சை விளக்கு. காலையிலேயே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்கிற ஜாதகம் எனக்கு இல்லை.

அடுத்த முறை அக்கா ஏசவில்லை. அதுதான் கலக்கியது. "தம்பி, நாத்து மஞ்சளடிக்கி. நாளைக்குத் தண்ணி விடலன்னா கருகிப் போவும். மறுபடி பாவ எங்கிட்ட வெத நெல்லு கெடையாது" என்றார். பெட்டியை விட்டுவிட்டு மோட்டாருக்கு வயரை நேராகக் கொடுத்து ஓட்டலாம் என்றேன். முன்பு ஒருதடவை யாரோ அப்படி ஓட்டி மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிப்போனதாம். அந்த வேலையே வேண்டாம் என்றுவிட்டார்.

பட்டறைக்கு வந்து சொன்னேன். "மத்தியானம் பச்ச எரியுது, காலையில ஓடலயா?" என்று அண்ணாச்சி எழுந்து நின்றார். பலகாரத்தைக் கண்ட பிள்ளை மாதிரி அவர் முகம் மலர்ந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"அங்கன நாத்து கருகுது அண்ணாச்சி. நீங்க சிரிக்கிய."

"சிரிக்கல வே. அது சாவல. காத்துக்கிட்டு இருக்கு."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சிப்புக்கு மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது பூட்லோடர் என்கிற குட்டி நிரல். அது சிப்பின் ஒரு காலைத் தொட்டுப் பார்க்கும். அந்தக் காலில் மின்சாரம் இல்லையென்றால், மோட்டார் ஓட்டுகிற பெரிய நிரலை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இருந்தால், யாரோ புது நிரல் ஏற்றப்போகிறார்கள் என்று நம்பி, கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். வருகிறவர் வரும்வரை காத்திருக்கும். அக்கா வயல் பெட்டி அப்படித்தான் விழித்துக்கொண்டிருந்தது.

"அந்தக் காலுக்குக் காலையில மட்டும் எவன் கரண்டு குடுக்கான்?" என்றார். "நாளைக்கு மொத பஸ்சு. நீரும் வாரீரு."

விடியும்போது பம்ப்செட்டில் இருந்தோம். வழியில் அது ஆழ்வார்குறிச்சி பஸ்தானா என்று டிரைவரிடமும் கண்டக்டரிடமும் அவர் தனித்தனியாகக் கேட்டதை இங்கே விட்டுவிடுகிறேன். அண்ணாச்சி பெட்டிக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். "தொடப்பிடாது. அக்கா தெனம் என்ன செய்வாங்களோ அத அப்படியே செய்யட்டும்" என்றார்.

அக்கா குளித்த ஈரத் தலையோடு வந்தார். கையில் சின்னக் கிண்ணம். மெயினை அணைத்தார். பெட்டியைத் திறந்தார். போர்டின் நடுவில் பெரிதாக இருந்த சிப்பின் தலையில், குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். சந்தனம் பைய வழிந்து சிப்பின் கால்களுக்கு இறங்கியது. கும்பிட்டார். மெயினைப் போட்டார். பட்டனை அழுத்தினார். பெட்டி முழித்தது.

அண்ணாச்சி மீட்டரின் முனையை அந்தக் காலில் வைத்தார். முள் எழும்பியது. ஈரச் சந்தனம் பக்கத்துக் காலிலிருந்து மின்சாரத்தை இதற்குக் கடத்திக்கொண்டிருந்தது. மத்தியானம் நான் வந்து மெயினை அணைத்துப் போடும்போது அது காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். சிப்பும் ஒழுங்காக விழித்திருக்கும்.

"பொட்டு எதுக்குக்கா அங்கன வச்சிய?" என்று நான் கேட்டேன்.

"நல்லா இருக்கே கத. வரும்போதே அங்கனதான் வச்சிருந்துது. காலையில மோட்டார் போடும் முன்ன சாமிய நெனச்சு, நீங்க வச்ச இடத்துலயே வச்சேன்."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பட்டறையிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு பெட்டிக்கும் பொட்டு வைப்பது அவர்தான். கல்யாண முகூர்த்தத்தைச் சந்தேகப்பட்டவர், மீட்டர்களைச் சந்தேகப்பட்டவர், தன் மோதிர விரலை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

"தப்பு எம்மேலதான் தாயி" என்றார். "இப்படி ஒழுகி வார கரண்ட அந்தக் கால்லயிருந்து வடிச்சு விட ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்கணும். போடாம விட்டுட்டேன்."

மெயினை அணைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துத் துடைத்தார். மெயினைப் போட்டுப் பட்டனை அழுத்தினார். மோட்டார் உறுமி, குழாய் இரண்டு தடவை இருமி, தண்ணீர் கொட்டியது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ நாளையிலேருந்து பொட்டு வைக்கப்பிடாதா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார். குரலில் பயம் இருந்தது.

"வைக்கலாம் தாயி. நல்லா வைக்கலாம்" என்று அண்ணாச்சி பெட்டியின் மூடியில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அவர் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கி, தண்ணீருக்குப் பின்னாலேயே நடந்து, நாற்றங்காலின் கடைசி மூலை நனைகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

அடுத்து அவர் வரைந்த போர்டில் அந்த ரெசிஸ்டர் இருந்தது. ஓரத்தில், எந்தக் கம்பியும் ஓடாத இடத்தில், வெள்ளை மையில் பொட்டளவுக்கு ஒரு சின்ன வட்டமும் இருந்தது. போர்டு அச்சடித்துத் தருகிறவர்கள் அது எதற்கு என்று போனில் கேட்டார்கள். "அது பேச்சியம்மா அக்காவுக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இப்போது நான் வேறு ஊரில் பெரிய கம்பெனியில் இருக்கிறேன். வேலை முடிந்தது என்று ஒருவர் சொன்னால் எல்லாரும் உடனே நம்பிவிடுகிறார்கள். யாரும் போய்ப் பார்ப்பதில்லை. என் மனசு அந்த மனுஷனைத் தேடுகிறது.