தட்டைத் தகரத்து மங்களம்

சிக்கந்தராபாத், லாலாகுடா
1938, மே 3

வேலூர் மகா-ஸ்ரீ மச்சான் கோவிந்தராஜ முதலியார் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கையைக் கைப்பிடித்த ஜம்புநாதன் தலைவணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நானும் குழந்தை செல்லம்மாவும் உயிரோடு இருக்கிறோம். க்ஷேமம் என்று எழுத வேண்டிய இடத்தில் இப்படி எழுதுவதற்கு மன்னிக்கவும். இந்தக் கத்திரி வெயிலில் அடுப்பங்கரையில் நின்று நானே பொங்கி, அதை நானே தின்கிறவன் இதற்கு மேல் பொய் சொல்ல முடியாது. அங்கே தாங்களும் கனகம் அக்காவும் க்ஷேமமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் சமைக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேரும் இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

மங்களம் வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அந்த முகத்தை வரைந்தவன் நான். அதைக் கொண்டுவந்து குளியலறைக் கதவில் ஆணி வைத்து அடித்தவனும் நான். ஆனாலும் என் பேரில் எள்ளளவு குற்றம் கிடையாது. இதை எந்தக் கோர்ட்டில் கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்லுவேன். நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, படத்தை மாற்றப்போவதில்லை, அவளை அழைத்துவர ரயில் ஏறப்போவதும் இல்லை. தாங்களே புத்தி சொல்லி அனுப்பிவைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் அரிசி மண்டி வைத்திருப்பவர், தகரத்தைப் பற்றிச் சொன்னால்தான் தெரியும். முஷீராபாத்தில் எங்கள் ஹாஷிம் சேட்டின் தகர டப்பா ஆலையில் நான் கல்லில் படம் வரைகிறவன் என்பது தங்களுக்குத் தெரியும். இந்தக் கோடைக்கு எலுமிச்சை சர்பத் டப்பாவுக்கு ஆர்டர் வந்தது. டப்பாவின் மூடி தட்டையாக இருக்கக்கூடாது, பூரி மாதிரி நடுவில் உப்பியிருக்க வேண்டும், அதன் மேலே ஒரு பெண்முகம் சிரிக்க வேண்டும் என்று சேட் சொல்லிவிட்டார். மூடியாக அமுக்கிய பிறகு அதில் படம் அச்சடிக்க முடியாது மச்சான். தகரம் தட்டையாக இருக்கும்போதே கல்லிலிருந்து ரப்பருக்கும், ரப்பரிலிருந்து தகரத்துக்கும் படத்தை ஏற்றி, சூட்டறையில் காயவைத்து, வட்டம் வட்டமாக வெட்டி, அப்புறம்தான் மிஷினில் வைத்து அமுக்குவார்கள். அமுக்கினால் தகரம் விரியும், நடுவில் அதிகமாக விரியும், ஓரத்தில் விரியாது. நான் முதலில் லட்சணமாக ஒரு முகத்தை வரைந்து கொடுத்தேன். அமுக்கி வெளியே எடுத்தால் இரண்டு கன்னத்திலும் பொன்னுக்கு வீங்கி வந்தவள் மாதிரி ஒருத்தி நிற்கிறாள், மூக்கு அப்பமாகிவிட்டது, ஒரு கண் முஷீராபாத்தையும் இன்னொரு கண் கோல்கொண்டாவையும் பார்க்கிறது. சேட் மூடியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, வேண்டாம் என்பதற்கு அவர் பாஷையில் "நக்கோ" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் விடுகிற ஆளா? முகத்தை ஓரங்கட்டிவிட்டு, தகரத்தில் வெறும் புள்ளிக் கோலத்தை அச்சடித்து அமுக்கிப் பார்த்தேன். எந்தப் புள்ளி எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டேன். எங்கே விரியுமோ அங்கே குறுக்கி வரைய வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். முடிவில் நன்றாக இருக்க வேண்டுமானால் முதலில் கோணலாக இருந்தே தீர வேண்டும். அதனால் கன்னத்தை ஒட்டவைத்தேன், மூக்கை ஈர்க்குச்சியாக்கினேன், இரண்டு கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கினேன். யார் முகத்தை வரைவது என்று நான் யோசிக்கவே இல்லை. பதினாலு வருஷமாகப் பார்த்த முகம், கை தானாகவே மங்களத்தைப் போட்டுவிட்டது. தட்டையாகப் பார்த்தால் சோற்றுக்கு வழியில்லாத மங்களம். அமுக்கி எடுத்தால், மச்சான், கல்யாணத்தன்று மணவறைக்கு அழைத்து வந்தீர்களே, அந்த மங்களம். சேட் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு "ஹவ்", அதாவது ஆமாம், என்றார், மறுபடியும் "ஹவ்" என்றார். இந்த முகத்தை இனி மாற்றவே கூடாது என்று உத்தரவு போட்டார். அது யார் என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

இதுவரைக்கும் என் வாழ்க்கையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. இனிமேல்தான் குளியலறைக் கதவு வருகிறது. நாங்கள் குடியிருக்கும் லைனில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே குழாய், அதற்கு எதிரே எங்கள் குளியலறை. கதவின் கீழ்ப்பாதி உளுத்துப்போய், ஒரு தகரத்தையாவது வைத்து அடியுங்களேன் என்று மங்களம் தை மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னதைச் செய்தோம் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டு, ஆலையில் மிச்சமாகக் கிடந்த ஒரு முழு ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு வந்து, அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அடித்துவிட்டேன். அச்சடித்த பக்கம் அழகாக இருக்கிறதே என்று அதை வெளிப்பக்கமாக வைத்து அடித்தேன். அந்த ஷீட்டில் வரிசை வரிசையாக அவளுடைய ஒடுங்கிய முகம்தான் இருக்கிறது என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. தகரத்திலேயே கிடந்து கிடந்து, தட்டைத் தகரத்தைப் பார்த்தாலும் எனக்கு அமுக்கிய மூடிதான் கண்ணில் தெரிகிறது. இது தொழில் தோஷம். வேண்டுமென்று யாராவது செய்வார்களா?

செல்லம்மாதான் முதலில் பார்த்தாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண், அன்றைக்குப் பார்த்துச் சுத்தமான தமிழில், "அம்மாவுக்கு என்ன காய்ச்சல் நைனா?" என்று குழாயடியே கேட்கும்படி கேட்டாள். பக்கத்து வீட்டு ரயில் இன்ஜின் ஃபயர்மேன் சூசைராஜின் சம்சாரம் ஆரோக்கியமேரி குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தாள். அப்புறம் லைனே வந்து பார்த்தது. ஆளுக்கொரு முகத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். கறிகாய்ப் பையோடு மங்களம் வந்து சேர்ந்தபோது எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் சத்தம் போடவில்லை மச்சான். போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பதினாலு வருஷமா இந்த மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

நான் அப்போதே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். விளக்கம் சொன்னேன். புள்ளிக் கோலத்தைச் சொன்னேன், ரப்பரைச் சொன்னேன், பதற்றத்தில், "இதெல்லாம் ஒண்ணும் இல்ல மங்களம், மிஷின்ல வெச்சு நல்லா அமுக்கினா நீ லட்சணமா ஆயிடுவே" என்றும் சொல்லிவிட்டேன். குழாயடியில் யாரோ சிரித்தார்கள். அப்படியானால் அந்த லட்சணமான மூடியைக் காட்டுங்கள் என்றாள். எதைக் காட்டுவது? முதல் சரக்கு அத்தனையும் அதற்கு முந்தின வாரமே கூட்ஸ் வண்டியில் பெஜவாடா பக்கம் போய்விட்டது. ஆலையில் ஒரு மூடி இல்லை. மறுநாள் காலை ஆரோக்கியமேரி ஊருக்குக் கிளம்பினாள், அவளோடு இவளும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். செல்லம்மாவை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நான் உப்புமா கிண்டினால் குழந்தை தட்டைப் பார்த்து "நக்கோ நைனா" என்கிறது. சேட்டிடம் கேட்ட அதே வார்த்தையை என் வீட்டிலும் கேட்க வேண்டியிருக்கிறது.

என் கட்சி இவ்வளவுதான். தகரத்தின் குணம் அப்படி, அதற்கு நான் பொறுப்பாக முடியாது. படத்தை மாற்றச் சொன்னால் மாட்டேன், நூறு தரம் மாட்டேன். திங்கட்கிழமை இரண்டாம் சரக்கு அச்சாகப் போகிறது, அதிலும் அதே முகம்தான். வார்னிஷ் கீறிப்போனதால் ஒதுக்கிவைத்திருந்த ஒரு மூடி மிஷின்காரனிடம் நேற்றுக் கிடைத்தது. அதை இத்துடன் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அவளிடம் காட்டுங்கள். நல்ல வெளிச்சத்தில் காட்டுங்கள். பார்த்துவிட்டு அவளாகவே கிளம்பி வருவாள். வராவிட்டாலும் நான் அசையமாட்டேன்.

கனகம் அக்காவுக்கு என் வந்தனம். தங்கள் குழந்தைகள் நோய்நொடி இல்லாமல், வயிறாரச் சாப்பிட்டு, அம்மாவின் கைமணம் மறக்காமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
கொண்ட சொல்லில் நிற்கும்
ஜம்புநாதன்

பின்குறிப்பு: மே 4, சாயங்காலம். மேலே உள்ளதைத் தபாலில் சேர்க்கவில்லை. இன்று காலை குளிக்கப் போனவன், கதவுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, முதல் முறையாக எனக்குத் தட்டைத் தகரம் தட்டையாகவே தெரிந்தது. வரிசை வரிசையாக அவ்வளவு பேரும் பட்டினி கிடந்து என்னைப் பார்த்தார்கள். நானாக இருந்தாலும் பெட்டியைத் தூக்கியிருப்பேன் மச்சான். மனசு தாங்கவில்லை. ஆணியைப் பிடுங்கி ஷீட்டைக் கழற்றிவிட்டு நேரே ஆலைக்குப் போனேன். சேட் பம்பாய் போயிருந்தது வசதியாகப் போயிற்று. மணலும் தண்ணீரும் போட்டு என் கையாலேயே கல்லைத் தேய்த்து முகத்தை அழித்து, அந்த இடத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வரைந்தேன். மத்தியானம் வண்டி ஏறி வேலூர் வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்து, செல்லம்மாவுக்குத் தலை பின்னலாம் என்று வீட்டுக்கு வந்தால், மங்களம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் உங்கள் ஊருக்கே வரவில்லை. மேலே மூன்று பக்கம் எழுதிக் கேட்டது உங்களிடம் இல்லாத ஒருத்தியை. பெஜவாடாவில் வண்டி மாற இறங்கியவள், பிளாட்பாரக் கடையில் சர்பத் டப்பாக்களைக் கோபுரமாக அடுக்கியிருந்ததைப் பார்த்திருக்கிறாள். அங்கேயே ஆரோக்கியமேரியின் அக்கா வீட்டில் தங்கிவிட்டு, தினமும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். "சர்பத்தக் குடிச்சிட்டு டப்பாவ வீசிடறாங்க, மூடிய மட்டும் பத்திரமா எடுத்துட்டுப் போறாங்க" என்றாள். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாதம் போடும்போது, தலை நிமிராமல், "அடுத்த தடவ மூக்குத்தி வெச்சு வரைங்க" என்றாள். சரி என்றேன். வேறு என்ன சொல்லுவது? மூடியில் சிரிப்பது தன் முகம்தான் என்று லைன் பூராவும் சொல்லிவிட்டாள், பெஜவாடாவிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கல்லில் எலுமிச்சம்பழம் இருப்பது அவளுக்குத் தெரியாது.

ஆகையால் மச்சான், மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். மூடியையும் அனுப்பவில்லை, அது இப்போது எனக்கு வேண்டும். அவளை அனுப்புங்கள் என்று கேட்டதற்குப் பதிலாக, தயவுசெய்து அவளை உடனே அழைத்துக்கொள்ளுங்கள். கனகம் அக்காவுக்கு வடகம் பிழியக் கை வேண்டும் என்று ஒரு தந்தி அடித்தால் போதும், திங்கட்கிழமைக்குள் கிளம்பிவிடுவாள். திங்கட்கிழமை அச்சுக்கு முன்னால் அந்த முகம் மறுபடியும் கல்லில் ஏற வேண்டும். அதை நான் வரைந்தது போன மாசியில், அவள் உங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தபோது. இப்போது எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், நானும் சாப்பிட்டதிலிருந்து கரித்துண்டை வைத்துக்கொண்டு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன், எலுமிச்சம்பழம்தான் வருகிறது.