சரோஜா அத்தைக்கு மஸ்கட்டில் பிள்ளை பிறந்த கதை

எனக்குப் பொய் சொல்லவே வராது என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது தவறு. ஆரம்பிக்க நன்றாகவே வரும். நிறுத்தத்தான் வராது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. சென்னையில் வேலை. ஆரோக்கியராஜும் நானும் நான்கு வருடங்களாக ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தோம். நாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள். நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்த என் அப்பா அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம், "ரூம்ல கூட ஒரு பையன் இருக்கான்" என்பது மட்டும்தான். அந்தப் பையனுக்குப் பெயர் என்று ஒன்று உண்டா என அவர்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஆரோக்கியத்துக்கு மலையையும் கடலையும் ஒரே இடத்தில் பார்க்க ஆசை. மஸ்கட்டுக்கு டிக்கெட் போட்டான். அதற்குப் பிறகுதான் நான் அந்த நாட்டுச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே சிறைத் தண்டனை உண்டு. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முன்னெச்சரிக்கையாகப் போனிலிருந்த படங்களையெல்லாம் அழித்தேன் (பழனியில் நான் தனியாக மொட்டை போட்டுக்கொண்ட படம் உட்பட. அதில் என்ன ஆபத்தைக் கண்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை). தனித்தனிக் கட்டில் உள்ள அறை கேட்டு வாங்கினேன். தெருவில் மூன்றடி இடைவெளி விட்டு நடப்பது என்று முடிவானது. யாராவது கேட்டால் அவன் என் அத்தை பையன்.

"கேட்டா மட்டும் சொல்லு. அது போதும்" என்றான் ஆரோக்கியம்.

நல்ல யோசனை. நான் அதைக் கடைப்பிடிக்கவில்லை. ஓட்டல் வரவேற்பில் இருந்தவர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். "இவன் என் அத்தை பையன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் புன்னகைத்துச் சாவியை நீட்டினார். "அப்பாவின் சொந்தத் தங்கை மகன்" என்றேன். லிஃப்ட் எந்தப் பக்கம் என்று அவர் கையைக் காட்டினார்.

இரண்டு ஆண்கள் ஓர் அறையில் தங்குவது அங்கே ஒரு விஷயமே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. மாலையில் கடற்கரைக்குப் போனோம். உள்ளூர் ஆண்கள் கைகோத்து நடந்தார்கள். நண்பரைப் பார்த்தால் மூக்கோடு மூக்கு வைத்து நலம் விசாரித்தார்கள். அந்தக் கடற்கரை முழுவதிலும் ஒருவரையொருவர் தொடாமல் சண்டைக்காரர்களைப் போல நடந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். ஒரு போலீஸ்காரர் எங்களையே பார்த்தார். நான் மூன்றடியை ஆறடியாக்கினேன்.

மறுநாள் மலைக்குப் போக ஒரு கார் ஏற்பாடு செய்திருந்தோம். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, "தமிழா? எந்த ஊருங்க?" என்றார்.

ஆரோக்கியம் "சென்னை" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் "நெய்வேலி" என்றேன்.

கார் ஓரமாக நின்றது.

"நெய்வேலியா! நமக்கு மந்தாரக்குப்பங்க! பேரு ஷாஜகான். நீங்க எந்த பிளாக்கு? அப்பா பேரு என்னங்க?"

சொன்னேன். (வேறு பெயர் சொல்லியிருக்கலாம். அப்பா பெயரில் பொய் சொல்வது தப்பு என்று அந்த நேரம் பார்த்து ஒரு கொள்கை வந்துவிட்டது.)

"ராமலிங்கம் சார் புள்ளையா நீ! மைன்ஸ்ல அவரு ஜீப்ப ஆறு வருஷம் நான்தானே ஓட்டிகினு இருந்தேன், கான்ட்ராக்ட்ல! தம்பி யாரு, ஃபிரண்டா?"

ஆமாம் என்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"அத்தை பையன்" என்றேன்.

ஷாஜகான் பாய் யோசித்தார். "சாருக்கு ஒரே தங்கச்சிதானே? காடாம்புலியூர்ல முந்திரித்தோப்பு பாத்துகினு இருக்காங்களே. அவங்க கல்யாணமே பண்ணிக்கலன்னு சார் சொல்வாரே."

ஆரோக்கியம் ஜன்னல் பக்கம் திரும்பி மலையை ரசிக்க ஆரம்பித்தான்.

"பண்ணிக்கிட்டாங்க. வெளிய தெரியாது."

அவர் கையிலிருந்த கார் முன்பதிவுச் சீட்டைப் பார்த்தார். "இவரு பேரு ஆரோக்கியராஜ்னு போட்ருக்கு?"

"அதனாலதான் வெளிய தெரியாது."

"வூட்டுக்காரரு?"

"தவறிட்டாரு."

ஒரு நிமிடத்துக்குள் அத்தைக்குத் திருட்டுக் கல்யாணம் செய்து, பிள்ளை பெறவைத்து, கணவரையும் அனுப்பிவைத்துவிட்டேன். சரோஜா அத்தைக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. கல்யாணம் வேண்டாம் என்று சொந்தபந்தம் முழுவதையும் எதிர்த்து நின்று ஜெயித்தவர். தோப்பைத் தனியாக நிர்வகித்து, டிராக்டரைத் தானே ஓட்டுபவர்.

ஷாஜகான் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று முழுவதும் பேரீச்சம்பழம் முதலில் ஆரோக்கியத்துக்குத்தான் போனது. "அப்பா இல்லாத புள்ள, நல்லா சாப்டுப்பா." இறக்கிவிடும்போது, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். சொல்லவும் இல்லை, ஒருவரிடம் தவிர.

நாங்கள் சென்னையில் இறங்கியதும் அப்பாவிடமிருந்து போன். "நேரா நெய்வேலி வா. அந்தப் பையனையும் கூட்டிட்டு வா." வைத்துவிட்டார்.

எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பஸ்ஸில் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தோம். வெளிநாட்டுப் போலீஸ் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். என்னைத் தாண்டிப் போய் ஆரோக்கியத்தைக் கட்டிக்கொண்டார்.

"இத்தனை வருஷம் எங்கப்பா இருந்த?"

"விருத்தாசலத்துலதாங்க" என்றான் அவன், உண்மையாகவே. அது அவன் பிறந்து வளர்ந்த ஊர்.

"இவ்வளவு பக்கத்துலயா!" அப்பா குலுங்கி அழுதார். ஷிஃப்ட் முடிந்து கரியும் களைப்புமாக வந்த அப்பாவைப் பார்த்திருக்கிறேன். அழுது பார்த்ததில்லை. உள்ளே அம்மா பாயசம் வைத்திருந்தாள். ஷாஜகான் பாய் அனுப்பிய குரல்பதிவை அப்பா எங்களுக்குப் போட்டுக் காட்டினார்: "நடந்தது நடந்துபோச்சு சார். தங்கமான புள்ள. வூட்ல சேத்துக்குங்க. காலம் மாறிப்போச்சு சார்."

அப்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம். அன்று காலை அப்பா அத்தைக்கும் போன் செய்து, "எல்லாம் தெரியும்மா. நான் உன்னத் தப்பா நினைக்கல. உன் பையன் வரான், நீயும் வா" என்று சொல்லியிருக்கிறார்.

அத்தை ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளே வந்தார். "எவன்டா அது என் புள்ள?"

ஆரோக்கியம் எழுந்து நின்று வணக்கம் வைத்தான்.

இன்னொரு பொய் தயாராக நாக்கின் நுனிவரை வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக நிறுத்தினேன்.

"அவன் அத்தை பையன் இல்லப்பா. நாங்க ரெண்டு பேரும்தான் சேர்ந்து வாழறோம். புருஷன் பொண்டாட்டி மாதிரி. எங்களுக்கு வேற கல்யாணமெல்லாம் கெடையாது."

அம்மா பாயசக் கிண்ணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உனக்கு பயமா இருந்துச்சுன்னா" என்றார் அத்தை மெதுவாக, "என்னை ஏன்டா ஒளிஞ்சிகினு வாழ்ந்தவளாக்குன? நானா ஒளிஞ்சேன்?"

அப்பா எழுந்து, "ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றார்.

அத்தைதான் குறுக்கே நின்றார். "இருண்ணே. இந்தப் புள்ளையக் கட்டிப் புடிச்சி அழுதிருக்கதானே? அவன் தோள்ல இன்னும் ஈரம் காயல. அதே புள்ளதானே இது? நான் தப்புப் பண்ணிப் பெத்திருந்தா சேத்துக்குவ. தப்பே பண்ணாம வந்து நிக்கிறவன வெளிய போவச் சொல்றியா?"

அப்பா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. ஐந்தாவது மாதம் போனில், "அந்தப் பையன் சாப்ட்டானா?" என்று கேட்டுவிட்டு, நான் சாப்பிட்டேனா என்று கேட்காமலேயே வைத்தார். பையனுக்குப் பெயர் வர இன்னும் ஒரு வருடம் ஆனது. அம்மா இப்போதும் சில உறவினர்கள் வந்தால் பேச்சை மாற்றுவாள். ஷாஜகான் பாய்க்கு உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. அவர் பெருநாள்தோறும் ஆரோக்கியத்துக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

அத்தை என்னை மன்னித்தாரா என்று தெரியாது. ஆனால் விசேஷங்களில் யாராவது ஆரோக்கியத்தைக் காட்டி, "தம்பி யாருங்க?" என்று கேட்டால், நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொள்கிறார்.

"எம் புள்ளதாங்க. மஸ்கட்ல பொறந்தான். எனக்கு வலியே தெரியல."