கொட்டினால் பயப்படாதீர்கள்

ஹெட்செட்டைக் கழற்றியபோது அதன் பட்டையில் பதினேழு முடிகள் ஒட்டியிருந்தன. நேற்று ஒன்பது. இந்த வேகத்தில் போனால் வெள்ளிக்கிழமைக்குள் தலை பழைய நிலைக்கே வந்துவிடும் என்று கணக்குப் போட்டான் ஆறுதல்.

ஆறுதல் என்பது அலுவலகம் வைத்த பெயர். முடி நடும் மருத்துவமனையின் தொலைபேசி அறையில் பதினோரு வருடமாக அவனுக்கு ஒரே வேலை. நட்ட முடி மூன்றாவது வாரம் கொட்டத் தொடங்கியதும் ஆட்கள் அலறிக்கொண்டு கூப்பிடுவார்கள். ‘விழுவது முடிதான், வேர் உள்ளே பத்திரமாக இருக்கிறது, நான்கு மாதத்தில் முளைத்துவிடும்’ என்று இவன் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு தாள் உண்டு. எழுதியவனும் இவனே. வழுக்கைத் தலையோடு எழுதினான்.

போன மாதம் டாக்டர் இவனுக்கே இலவசமாக நட்டுவிட்டார். இருபது நாளாகியும் ஒரு முடி விழவில்லை.

“நூத்துல ஒருத்தனுக்குத்தான்யா கொட்டாது. அது நீதான். வெள்ளிக்கிழமையிலேருந்து முன்கூடத்துல உக்காரு. வர்றவங்ககிட்ட தலையைக் காட்டிப் பேசு” என்றார்.

பதினோரு வருடம் வெறும் குரலாக இருந்தவனுக்கு முகம் கிடைக்கப் போகிறது. வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் முதல் முறையாக டி.வி. சத்தத்தைக் குறைத்தாள்.

மறுநாளே கொட்ட ஆரம்பித்தது.

போன் அடித்தது. “சார், தலையணை பூரா முடி சார்!” என்று யாரோ அழுதார்.

“நல்ல அறிகுறி சார். சந்தோஷப்படுங்க” என்றான் ஆறுதல். அப்போது அவன் முடி ஒன்று தாளில் விழுந்தது. அவன் சந்தோஷப்படவில்லை.

மனைவியின் கண்மையைப் பையில் எடுத்து வந்திருந்தான். கழிவறைக்குப் போய் இடைவெளிகளில் எல்லாம் தீட்டினான். பார்க்க மோசமில்லை. ஆனால் அன்றைக்கென்று ஏ.சி. வேலை செய்யவில்லை.

“அண்ணா, நெத்தியில என்ன, கறுப்பா வழியுது?” என்றாள் பக்கத்து சீட் பெண். வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

“பேனா கசிஞ்சிருச்சும்மா.”

“தலையிலயா பேனா வெப்பீங்க?”

கைக்குட்டையால் துடைத்தான். மையோடு நாற்பது முடியும் வந்தது.

டாக்டரிடம் போகலாம்தான். போனால் வெள்ளிக்கிழமை கிடையாது. ஆனால் யாராவது ஒருவர் ‘பயப்படாதே’ என்று சொன்னால் தேவலை போலிருந்தது. அதைச் சொல்வதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் அந்த ஊரிலேயே அவன் ஒருவன்தான் என்பது உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. இப்போது பக்கத்து சீட்டில் இன்னொருத்தியும் இருக்கிறாள்.

கழிவறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, பையில் கிடந்த மனைவியின் பழைய போனிலிருந்து சொந்த அலுவலகத்தையே கூப்பிட்டான். குரலைக் கிழவனாக்கினான்.

“வணக்கம் சார், பதிவு நம்பர் சொல்லுங்க” என்றாள் அந்தப் பெண்.

வாயில் வந்த நம்பரைச் சொன்னான்.

“இது ஒரு அம்மா பேர்ல இருக்கே சார். புருவம் நட்டவங்க.”

“நான்... அவங்க புருஷன்.”

“அவங்களுக்குப் புருவம் கொட்டுதா?”

“எனக்குத் தலை கொட்டுதும்மா!”

அவள் நிதானமாகத் தாளைப் படித்தாள். விழுவது முடிதான். வேர் பத்திரம். நான்கு மாதம். எவ்வளவு கேவலமான தாள் என்று ஆறுதலுக்கு அன்றுதான் தெரிந்தது.

“எவன்மா இதை எழுதினான்?”

“எங்க ஆபீஸ் அண்ணன் சார். அவரே நட்டிருக்காரு. அவருக்கு ஒண்ணுகூட விழல.”

“நீ பாத்தியா?”

“பக்கத்து சீட்டுதானே. நெத்தியில மட்டும் ஏதோ வழியுது. மத்தபடி தங்கமான தலை.”

ஆறுதலுக்கு அழுகை வந்துவிட்டது. கிழவன் குரலிலேயே அழுதான்.

“ஐயோ, அழாதீங்க தாத்தா! லைன்லயே இருங்க, அண்ணனையே சேத்துவிடறேன்.”

அவன் வேண்டாம் என்பதற்குள் சட்டைப் பையில் அவனுடைய போன் அலறியது.

“தாத்தா, உங்க பக்கத்துல ஏதோ போன் அடிக்குது பாருங்க.”

எடுத்தான். வேறு வழி? இடது காதில் கிழவன், வலது காதில் ஆறுதல்.

“வணக்கம் சார்” என்றான் வலது பக்கம். “விழறது முடிதான், வேர்...”

“வேரை நீ பாத்தியா?” என்றான் இடது பக்கம். இது தாளில் இல்லை.

“பொறுமையா இருங்க சார்.”

“உன் தலையா இருந்தா பொறுப்பியா?”

பதினோரு வருடத்தில் ஆறுதல் பேச்சில்லாமல் நின்றது அதுதான் முதல் முறை. நிறுத்தியவனும் அவனே.

“அண்ணா, ஏதாவது சொல்லுங்கண்ணா, தாத்தா பாவம்” என்று இரண்டு காதிலும் கேட்டது.

“வெள்ளிக்கிழமை எல்லாரும் என் தலையைத்தான்யா பாப்பாங்க!” என்று கத்தினான். எந்தக் குரலில் கத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. கூட்டிப் பெருக்கும் அக்கா.

“உள்ள சண்டை போடற ரெண்டு பேரும் போனை வெச்சிட்டு வெளிய வாங்கப்பா! டாக்டர் யாருக்கும் தெரியாம வெளியூர்ல போய் நட்டுக்கிட்டு வந்த முடி கொட்டுதாம், கால் மணி நேரமா ஆறுதலுக்குப் போன் போடறாராம், பிஸி பிஸின்னே வருதாம்!”