குளியலறைக்குள் செய்த கிரேக்கத் தலைக்கவசம்

நான் ஒரு சந்தேகப் பிராணி என்று வீட்டில் சொல்வார்கள். அபாண்டம்! அந்த நாளில் எனக்கு இருந்தது வெறும் முன்யோசனை. (கொஞ்சம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்.)

அப்போது இத்தாலியின் பலேர்மோவில், மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பழைய கிரேக்க விருந்து என்று முதலாளி அறிவித்தார். நல்ல போர்வீரன் தலைக்கவசம் செய்து போட்டுக்கொண்டு வருகிறவன் வாசலில் நின்று ஆட்களை வரவேற்கலாம்; சரிவந்தால் அவனுக்கு இனி வெளியில் பரிமாறுகிற வேலைதான். கோப்பையிலிருந்து தப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என்னோடு கழுவுகிற குகன் உடனே வந்து கேட்டான்: "அண்ணை, எப்பிடிச் செய்யப் போறியள்?"

ஏன் கேட்கிறான்? முறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டேன்.

சீசா என்கிற பகுதியில் இருந்த எங்கள் வீட்டு யன்னலெல்லாம் பூட்டி, குளியலறைக்குள் இருந்து, புதிதாக வாங்கிய ஸ்மார்ட்போனில் படம் பார்த்துப் பார்த்துக் கடதாசி மட்டையை வெட்டினேன். மூக்குக்கு ஒரு தகடு, கன்னத்துக்கு இரண்டு மடல், உச்சிக் கொண்டைக்கு வீடு கூட்டுகிற சிவப்புத் தும்புத்தடியின் தும்பு. இனி வெண்கல நிறம் வேண்டும். பெயின்ற் கடையில் நின்றதோ குகனின் மச்சான். அங்கே வாங்கினால் செய்தி போய்விடும்! சோற்றுக் கஞ்சியில் மஞ்சள்தூளைக் குழைத்து உள்ளும் புறமும் பூசினேன்.

மனைவி வசந்தி கதவைத் தட்டினாள். "இஞ்சாருங்கோ, உள்ளுக்கை என்ன செய்யிறியள்? என்ரை தும்புத்தடி எங்கை? மஞ்சள் போத்தல் எங்கை?"

"நீ குகனோடை கதைச்சனியோ?" என்றேன். (கட்டின மனுசியைப் பார்த்து!)

சனிக்கிழமை அவிகிற வெக்கை. வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். வந்த சிஞ்ஞோரா ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டுப் புருஷன் காதில் குசுகுசுத்தாள். கவசத்தில் சொக்கிப்போனாள் என்று நினைத்தேன். இரண்டு பேரும் திரும்பிப் போனார்கள். முதலாளி ஓடிவந்து கவசத்தைக் கழற்றி, என் கண்மடலை இழுத்துப் பார்த்தார். வியர்வையில் மஞ்சள் கரைந்து நெற்றி, கண், கழுத்தெல்லாம் இறங்கியிருந்தது.

"மஞ்சட்காமாலை! அதுவும் என் கடை வாசலில்!"

ஓடிப்போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். சவர்க்காரம் பட்டால் மஞ்சள் சும்மா இருக்குமா? குங்குமமாகச் சிவந்தது. முதலாளி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். மானம் கப்பலேறியது.

குகன்தான் கவசத்தைச் சுரண்டி நாக்கில் வைத்து, "இது நாங்கள் கறிக்குப் போடுறது" என்று அவருக்கு விளங்கப்படுத்தினான். இருந்தாலும் அந்த முகத்தோடு ஆர் வாசலில் விடுவார்? என்னைத் திரும்பவும் கோப்பைக்கு அனுப்பினார். குகன் தலையில் துவாயைச் சுற்றி, அதற்கு மேல் என் கவசத்தைக் கவிழ்த்துக்கொண்டு வாசலுக்குப் புறப்பட்டான்.

"உன்ரை கவசம் எங்கையடா?" என்றேன்.

"எனக்கு உந்த வெட்டு ஒட்டு ஒண்டும் வராது அண்ணை. எனக்கும் ஒண்டு செய்து தருவியளோ எண்டு கேக்கத்தான் அண்டைக்கு வந்தனான். நீங்கள் முறைச்சியள்."

குகன் இப்போது அங்கே தலைமை வெயிற்றர். நான் இன்னும் கோப்பை. வீட்டில் நான் ஆரையாவது ஒருமாதிரிப் பார்த்தால் போதும், வசந்தி பிள்ளைகளைக் கூப்பிடுவாள்: "ஓடி வாங்கோ, அப்பாக்கு மஞ்சள் ஏறுது!"